ஏணி ஏறும் வேலை, ஆண் குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை. பழம் எடுப்பு முடிந்ததும் ஏணி வைத்து மிளகு பறிப்பேன், மூட்டையும் தூக்குவேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். சின்னவனுக்கு ஒன்றரை வயது. பிரசவத்தின்போது மனைவிக்கு ரத்தம் குறைவாக இருந்ததால் கு.க. செய்யவில்லை. பிறகு காப்பர்-டி போட்டார்கள், உதிரப்போக்கு தாங்காமல் எடுத்துவிட்டோம். நானே ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றேன். "ஆம்பளைக்கு அதைச் செஞ்சா இடுப்புல பலம் இருக்காது, ஏணியில இருந்து விழுந்துடுவ" என்று அம்மா அழுகிறார். பக்கத்து ஊரில் ஒருவர் ஆபரேஷன் செய்த பிறகும் அவர் மனைவி கர்ப்பமாகி, வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. செய்துகொள்ளலாமா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

பதில்: தம்பி, இனிமேல் குழந்தை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். இரண்டு முறை வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்ணுக்கு உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். மறுபடி வயிற்றைத் திறந்து செய்வதைவிட உங்களுக்குச் செய்வது பல மடங்கு சின்ன வேலை, ஆபத்தும் குறைவு. அதை நீங்களாகவே யோசித்துச் சொன்னது எனக்கு மனநிறைவாக இருக்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியா முழுக்க மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ வெறும் 0.3 சதவீதம்.

பலம் பற்றிய பயத்துக்கு வருவோம். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விந்துவிலேதான் உடம்பின் சத்து முழுக்க இருப்பதாக நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் விதை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, விந்தணு உண்டாக்குவது. அது ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே போகிறது. விதைப்பையின் மேல்பகுதியை விரலால் உருட்டிப் பார்த்தால் கெட்டியான நூல்கயிறு மாதிரி தட்டுப்படுவது அதுதான். இன்னொன்று, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பது. தசை, மீசை, ஆசை எல்லாம் இதன் கணக்கு. இது அந்தக் குழாயில் போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. நாங்கள் துண்டிப்பது குழாயை மட்டும். ஹார்மோன் அதன்பாட்டுக்குச் சுரக்கும். விறைப்பும் குறையாது, உச்சமும் மாறாது. வெளிவரும் திரவத்தில்கூட வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அதில் விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துகூட இல்லை. வெளியே போக வழியில்லாத அணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஏணியில் உங்களை நிறுத்துவது தொடையும் தோளும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவசரநிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலோர் ஆண்கள், பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அந்தத் தலைமுறை கேட்ட கதைகள் வேறு. அப்போது கத்தி வைத்துக் கீறித் தையல் போட்டார்கள். இப்போது செய்வது தழும்பில்லா முறை. 1974-ல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கியது. மரத்துப்போகும் ஊசி போட்டு, விதைப்பைத் தோலில் ஒரே ஒரு சின்னத் துளையிட்டு, இரண்டு குழாய்களையும் அதன் வழியே எடுத்துத் துண்டித்துக் கட்டிவிடுவோம். இருபது நிமிட வேலை, தையல் கிடையாது. அம்மாவைச் சம்மதிக்க வைக்க உங்கள் மனைவியை அனுப்பாதீர்கள். மருமகள் சொன்னால் பழி அவள் மேல் விழும். மகன்தான் பேச வேண்டும்.

அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் சேலத்தில் செய்துகொண்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டிக்கொண்டு மலையேறாதீர்கள். துணைக்கு ஒருவரோடு பஸ்ஸில் போங்கள். இரண்டு நாள் முழு ஓய்வு. இறுக்கமான ஜட்டி அல்லது லங்கோடு கட்டிக்கொள்ளுங்கள், துளை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து நடமாட்டமான சின்ன வேலைகள் செய்யலாம். ஏணியும் மூட்டையும் ஒரு வாரம் கழித்துத்தான், உங்கள் வேலைக்குப் பத்து நாள் என்றால் எனக்கு இன்னும் திருப்தி. லேசான வலி, கன்றிப்போன நிறம் சகஜம். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். நூற்றில் ஓரிருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு, அதற்கும் மருந்து இருக்கிறது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஆபரேஷன் முடிந்த அன்றிலிருந்தே பாதுகாப்பு வந்துவிடாது. வெட்டிய இடத்துக்கு மேலே குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் அணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஒவ்வொரு முறையும் ஆணுறை கட்டாயம், அல்லது மனைவி வேறு ஏதாவது முறை பயன்படுத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆணுறையை விட வேண்டும். நான் பார்த்தவரை, ஆபரேஷன் செய்தும் கர்ப்பம் என்று வருகிறவர்களில் பலர் இந்த மூன்று மாதத்தில் கோட்டை விட்டவர்கள்தான். பரிசோதனையில் தேறிய பிறகும் சுமார் 2,000 பேரில் ஒருவருக்குக் குழாய் தானாக ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆகவே என்றைக்காவது மனைவிக்கு நாள் தள்ளிப்போனால், அவளை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் உங்கள் விந்துவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பக்கத்து ஊர் சண்டையிலும் அந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் அந்தப் பெண் மேல் யாரும் பழி போட வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் இலவசம், 1,100 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. மனைவி கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனால் இதை நிரந்தரம் என்றே எண்ணி இருவரும் முடிவெடுங்கள். மறுபடி இணைக்க முடியும் என்றாலும் பலன் நிச்சயமில்லை. குடலிறக்கம், விரைவீக்கம், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா நடக்கும், ஆனால் அது உங்களுக்குப் பழம் எடுக்கும் நேரம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால், எந்த நாளில் எங்கே செய்கிறார்கள் என்று கேட்டுச் சொல்வார். ஆதாரும் வங்கி பாஸ்புக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். மலை இறங்கி வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மருத்துவமனைக்கு வந்து அங்கேயே கொடுங்கள்.