ஓடும் காரிலிருந்து வேகம் பிடிக்கும் ரேடார்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து நண்பர்கள் கேட்டவை இவை. ரேடார் கருவிகளைப் பழுதுபார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

செம்பனைக் குலை லோரி ஓட்டுநர்: அண்ணே, அமெரிக்காவில் போலீஸ் கார் ஓடிக்கொண்டே எதிரே வரும் வண்டியின் வேகத்தைப் பிடிக்குமாமே, எப்படி?

தம்பி, அந்த ரேடார் ஒரே நேரத்தில் இரண்டு எதிரொலிகளைக் கேட்கிறது. ஒன்று சாலையிலிருந்தும் ஓரத்து மரம், கம்பங்களிலிருந்தும் வருவது. அதை வைத்துப் போலீஸ் கார் தன் சொந்த வேகத்தைத் தெரிந்துகொள்ளும். இன்னொன்று எதிரே வரும் வண்டியிலிருந்து வருவது. இரண்டு வண்டியும் நெருங்கும் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர், போலீஸ் காரின் வேகம் 80 என்றால், கழித்தால் உங்கள் வேகம் 90.

அதே லோரி ஓட்டுநர்: அப்போ தப்பே வராதா?

வரும். கழிக்கும் எண் தப்பினால் எல்லாமே தப்பும். போலீஸ் காருக்கு முன்னால் பெரிய லோரி ஒன்று 60-இல் போகிறது என்று வையுங்கள். 80-இல் வரும் போலீஸ் காரின் ரேடார், தரையை விட்டுவிட்டு லோரியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டால், தன் வேகம் 20 என்று நினைக்கும். 170-இல் 20 போனால் 150! 90-இல் வந்த மனிதருக்கு 150 என்று எழுதினால் அது பெரிய அநியாயம். புதிய கருவிகள் காரின் சொந்த வேக உணரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் திரையில் தெரியும் போலீஸ் காரின் வேகம் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று அதிகாரி ஒவ்வொரு முறையும் பார்த்தே ஆக வேண்டும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1979இல் மயாமியில் ஒரு மரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாக ரேடார் காட்டியது. பல ரேடார் வழக்குகள் அங்கே தள்ளுபடியாகின.

கல்லூரி மாணவர்: கப்சாய் மோட்டாரையும், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளையும் பிடிக்குமா?

பிடிக்கும். ஆனால் அதன் எதிரொலி சின்னது. பின்னாலேயே லோரி வந்தால் கருவி லோரியைத்தான் முதலில் காட்டும். ரேடார் கதிர் விரிந்து போகும். 12 டிகிரி கதிர் 300 மீட்டர் தூரத்தில் 60 மீட்டருக்கு மேல் அகலம். வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியின் கதிருக்கு அதே தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நெரிசலில் லேசரே நல்லது.

மளிகைக் கடை அக்கா: ஓரமாக நிறுத்திய காரிலிருந்து பார்த்தால்?

அது எளிது அக்கா. பக்கவாட்டில் கோணம் கூடக் கூட, வேகம் குறைவாகவே தெரியும். 20 டிகிரியில் 100 என்பது 94 ஆகிவிடும். ஓட்டுநருக்கு நஷ்டமில்லை.

பள்ளி ஆசிரியை: கேமரா கம்பம் போதாதா, கார் எதற்கு?

டீச்சர், கம்பம் தெரிந்ததும் பிரேக், தாண்டியதும் முடுக்கம் என்பதை நாமே பார்க்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் கம்பம் இல்லையே! நகரும் கார் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால், எனக்கு அதுதான் முக்கியம்.

ஓய்வுபெற்ற கங்காணி ஐயா: கருவி சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

இசைக்கவையை, அதாவது தட்டினால் எப்போதும் ஒரே அதிர்வெண்ணில் அதிரும் உலோகக் கவையை, கருவிக்கு முன்னால் பிடித்துத்தான், ஐயா. 24.15 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில், வண்டியின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் எதிரொலியின் அதிர்வெண் ஏறக்குறைய 45 ஹெர்ட்ஸ் மாறும். அப்படியானால் 3,580 ஹெர்ட்ஸில் அதிரும் கவை 80 என்று காட்ட வேண்டும். ஓடும் கார் முறைக்கு இரண்டு கவைகளை ஒன்றாகத் தட்ட வேண்டும்: ஒன்று போலீஸ் காரின் வேகத்துக்கு, மற்றது இரண்டு வண்டியும் நெருங்கும் வேகத்துக்கு.