சவுத்தாம்ப்டன் குளிரில் வாழை நிற்குமா?

பெரியபட்டினத்திலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குப் படிக்கப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காக்கா, வாடகை வீட்டுப் பின்பக்கம் கோடையில் ஒரு ஜப்பான் வாழை வாங்கி நட்டேன். ஆள் உயரம் வந்துவிட்டது. குளிருக்குத் தோண்டி உள்ளே வைக்கவா? குலை தள்ளுமா? ஊரிலிருந்து நாட்டு வாழைக் கன்று கொண்டுவரலாமா?"

தம்பி, லீவில் கீழக்கரை வந்திருக்கிறேன், வெளியே அடைமழை, அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

ஊர்க் கன்றைப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாத செடியை பிரிட்டனுக்குள் விடமாட்டார்கள். முறைப்படி கொண்டுபோனாலும் நம் பூவனோ நாட்டு வாழையோ அங்கே வெளியில் ஒரு குளிர்காலம் தாண்டுவது கஷ்டம். குலை ஆசையும் வேண்டாம். ஜப்பான் வாழைக்குப் பெயர்தான் ஜப்பான், பூர்வீகம் தென்சீனா. எப்போதாவது பூக்கும், காயெல்லாம் விதை, தின்ன ஆகாது. இலைக்காகத்தான் அதை வளர்க்கிறோம். பழத்துக்குக் கடை இருக்கிறது.

இனி குளிர் விஷயம். நம் கடலோரத்தில் வாழைக்கு எதிரி காற்றும் உப்பும்தான். அதனால்தான் கிணற்றடியில், சுவர் மறைவில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நடுகிறோம். அங்கேயும் சுவர் மறைவு நல்லதுதான், அதுவும் தெற்குப் பார்த்த சுவர். ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஊர்ப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். சவுத்தாம்ப்டனில் ஜனவரியிலும் பகலில் எட்டு, ஒன்பது டிகிரி இருக்கும். ராத்திரி சில நாள்தான் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்தக் குளிரை மட்டும் என்றால் இந்த வாழை தாங்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்து குருத்துக்குள் இறங்கினால் அழுகிவிடும். நான் பார்த்தவரை அங்கே செத்த வாழைகளில் பாதிக்கு மேல் அழுகிச் செத்தவைதான்.

மரம் என்று நாம் சொல்வது ஒன்றைச் சுற்றி ஒன்றாக அடுக்கிய மட்டைகள், அவ்வளவும் நீர். உறைபனி விழுந்தால் முதலில் இலை கறுத்துத் தொங்கும். அதைப் பார்த்துப் பயந்து வேரோடு பிடுங்கிவிடாதீர்கள், மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். அந்த முதல் கறுப்பு வந்ததும், நவம்பர் வாக்கில், இலைகளை மட்டும் வெட்டிவிடுங்கள். மரத்தைச் சுற்றி நாலு குச்சி ஊன்றி, கோழிக்கூண்டுக் கம்பி வலையைச் சுற்றி, உள்ளே வைக்கோலைத் திணியுங்கள். முயலுக்குப் போடுகிற வைக்கோல் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். காய்ந்த புல்லை வாங்கிவிடாதீர்கள், அது சீக்கிரம் மக்கும். அடியில் கிழங்கு மேல் ஒரு சாண் கனத்துக்காவது சருகும் மக்கிய உரமும் போடுங்கள். உச்சியில் மழை இறங்காதபடி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். இவ்வளவிலும் விடக்கூடாதது அந்த வாளிதான். மரத்தை நேரடியாகப் பாலிதீனில் சுற்றுகிறவர்கள் உண்டு, உள்ளே வேர்த்து அழுகும், வேண்டாம். இதையெல்லாம் சொன்னால் உம்மா சிரிக்கிறார்கள், வாழைக்கு ஸ்வெட்டரா என்று.

தோண்டி உள்ளே வைக்கச் சொல்வது சிவந்த இலை உள்ள அபிசீனிய வாழைக்கு. இரண்டையும் குழப்பிச் சொல்கிறவர்கள் அதிகம். உங்களுடையது பச்சை, மண்ணிலேயே நிற்கட்டும். டிசம்பரில் அங்கே பகலே எட்டு மணி நேரம் போலத்தான், வீட்டுக்குள் ஹீட்டர் காற்று வேறு. இலை காய்ந்து செஞ்சிலந்திப் பூச்சி பிடிக்கும். தொட்டியில் வைத்திருந்தால் மட்டும் கதை வேறு, தொட்டி மண் வேர் வரை உறைந்துவிடும். அப்போது உறையாத ஒரு ஷெட்டுக்குள் தள்ளி, மண் காய்ந்துபோகாத அளவுக்கு எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

மார்ச்சில் ரெண்டு நாள் வெயில் அடித்ததும் பிரிக்கத் தோன்றும். ஏப்ரலிலும் உறைபனி விழும் தம்பி. ஏப்ரல் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மேல்பகுதி கொழகொழவென்று இருந்தால் கெட்டியான இடம் வரை வெட்டிவிடுங்கள். மரம் முழுக்கப் போயிருந்தாலும் பக்கக் கன்று வரும், ஜூன் வரை பொறுங்கள். அப்புறம் ஒன்று. வாடகை வீடு என்கிறீர்கள். வீடு மாறுவதாக இருந்தால் முழு மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். முழ உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றாகப் பார்த்து, கிழங்கும் வேரும் சேர்ந்து வரும்படி ஜூனில் வெட்டி எடுத்துத் தொட்டியில் வையுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.