மார்ச் மேட்னஸ்: ரசிகர்கள், பிராண்டுகள், சமூக ஊடகம் (கேள்வி பதில்)

மார்ச் மேட்னஸ் எனப்படும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியைச் சுற்றி இணையத்தில் நடக்கும் கூத்து பற்றி வந்த கேள்விகள் இவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அங்கே படிக்கிறான். மார்ச் வந்தால் “பிராக்கெட் போச்சு” என்று ஸ்டேட்டஸ் போடுகிறான். என்ன அது?

68 அணிகள், ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போட்டி தொடங்கும் முன்பே யார் யாரை வெல்வார்கள் என்று கடைசி ஆட்டம் வரை எழுதி வைப்பதுதான் பிராக்கெட். தொடக்கத் தகுதி ஆட்டங்கள் நான்கை விட்டால் 63 ஆட்டங்கள். காசு சுண்டிப் போட்டு நிரப்பினால், அத்தனையும் சரியாக அமைய சுமார் 92 ஆயிரம் கோடி கோடியில் ஒரு வாய்ப்பு. 2019-ல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார். 50-வதில் டென்னசியை பர்டூ வீழ்த்தியதும் அவருடையதும் போயிற்று.

ஆக, எல்லாருடைய பிராக்கெட்டும் போகும். அந்தப் புலம்பலை ஊரறியப் போடுவதில்தான் பாதி சந்தோஷம். ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் இலவசமாக நிரப்பச் சொல்வது தர்மத்துக்கு அல்ல. ஒருமுறை நிரப்பிவிட்டால், பெயரே கேள்விப்படாத கல்லூரியின் ஆட்டத்துக்கும் மூன்று வாரம் போனை எடுத்துப் பார்ப்பீர்கள்.

கேள்வி: சின்னக் கல்லூரிகளுக்கு இதில் என்ன லாபம்?

2018-ஐப் பாருங்கள். அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை தருவார்கள். 16 என்றால் கடைசி. 16-வது தரவரிசையில் இருந்த யுஎம்பிசி என்ற மேரிலாந்துக் கல்லூரி, முதல் தரவரிசை வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. ஆண்கள் போட்டியில் அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை. அன்றிரவு அவர்களுடைய ட்விட்டர் கணக்கு, தங்களை மட்டமாக எடைபோட்டவர்களை ஒவ்வொருவராகச் சீண்டிக்கொண்டே இருந்தது. சில ஆயிரமாக இருந்த பின்தொடர்வோர் ஓரிரு நாளில் லட்சத்தை எட்டினார்கள். விளம்பர ஏஜென்சி எழுதித் தந்திருந்தால் அந்த நக்கல் வந்திருக்காது. கணக்கை நடத்தியவருக்குத் தன் அணியும் தெரியும், பதிவு போட யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெரிய பிராண்டுகள் பலவற்றில் ஒரு வரி போடவே சட்டப் பிரிவைத் தாண்ட வேண்டும். அதற்குள் அடுத்த ஆட்டமே முடிந்துவிடும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் ஓட்டல் நடத்துகிறோம். “மார்ச் மேட்னஸ் பிரியாணி” என்று இன்ஸ்டாகிராமில் ஆஃபர் போடலாமா சார்?

போடாதீர்கள். ‘மார்ச் மேட்னஸ்’, ‘ஃபைனல் ஃபோர்’ (அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகள்) இரண்டும் பதிவு செய்யப்பட்ட வர்த்தகக் குறிகள். கோகோ கோலா, ஏடி அண்ட் டி, கேபிடல் ஒன் போன்றவை அவற்றைப் பயன்படுத்தப் பணம் கட்டுகின்றன. போட்டியை நடத்தும் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காது, வக்கீல் கடிதம் வரும். கல்லூரி லோகோ, வீரர் படம் இரண்டும் கூடாது. ரீலுக்குச் சினிமாப் பாட்டு வைப்பதும் வணிகக் கணக்குக்கு ஆபத்து. இன்ஸ்டாகிராம் வணிகத்துக்கென்று தரும் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். “கூடைப்பந்து வாரம், பெரிய திரை, பிரியாணி” என்று போட்டால் போதும். வருகிறவர்களுக்குப் புரியும்.

கேள்வி: வைரலாகும் வீரருக்குப் பணம் கிடைக்குமா?

2021 ஜூலை முதல் கிடைக்கிறது. அதுவரை தன் பெயரையோ படத்தையோ வைத்துக் கல்லூரி வீரர் சம்பாதிக்கக் கூடாது. 2022-ல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், 15-வது தரவரிசையில் இருந்துகொண்டு கூடுதல் நேரத்தில் கென்டக்கியை வென்றது. 20 புள்ளி எடுத்த டக் எடர்ட்டின் மீசை அடுத்த நாளே மீமாகிவிட்டது. சில நாட்களில் பஃபலோ வைல்ட் விங்ஸ் என்ற உணவகச் சங்கிலி அவரை ஒப்பந்தம் செய்தது. புத்திசாலித்தனம் அந்த வேகத்தில்தான். அந்த அணி காலிறுதியோடு வெளியேறியது. ஒப்பந்தத்தை ஏப்ரலுக்குத் தள்ளியிருந்தால் மீசையை யார் நினைவு வைத்திருப்பார்?

கேள்வி: இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் 2021-ல் ஓரிகான் வீராங்கனை செடோனா பிரின்ஸ் போட்ட டிக்டாக் காணொளி வேறு ரகம். போட்டிக்கு வந்த ஆண்களுக்கு முழு உடற்பயிற்சிக் கூடம். பெண்களுக்கு ஒரு சின்ன அடுக்கில் சில டம்பெல்கள். இடமில்லை என்று விளக்கம் வந்தது. அவர் கேமராவைத் திருப்பிக் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். ஓரிரு நாளில் கருவிகள் வந்திறங்கின. அடுத்த ஆண்டு பெண்கள் போட்டிக்கும் ‘மார்ச் மேட்னஸ்’ பெயர் கிடைத்தது. அதுவரை அது ஆண்களுக்கு மட்டும்! 2024 இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் பெண்கள் பிரிவில் சுமார் 1.89 கோடி பேர் பார்த்தார்கள், ஆண்கள் பிரிவில் 1.48 கோடி. நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் கல்லூரியில் இருக்கும்போதே ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம் அவரோடு கைகோத்திருந்தது. முந்திக்கொண்டவர்களுக்கு நல்ல அறுவடை.

கேள்வி: தோற்ற வீரர்களை ஏன் இப்படித் திட்டுகிறார்கள்?

இப்போது பந்தயப் பணமும் சேர்ந்துவிட்டது. “இவர் இத்தனை புள்ளி எடுப்பார்” என்று தனி வீரர் மேலேயே பணம் கட்டலாம். பந்தயத்தில் தோற்றவர் நேராக அந்த மாணவரின் இன்பாக்ஸுக்குப் போகிறார். கல்லூரி வீரர்கள் மீதான அந்த வகைப் பந்தயத்தைத் தடை செய்யுமாறு 2024 மார்ச்சில் என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். நீங்கள் அப்படி ஒரு பதிவைப் பார்த்தால் புகார் மட்டும் செய்யுங்கள். கீழே சண்டைக்குப் போனால் அது இன்னும் பத்துப் பேர் கண்ணில் படும்.