“அடிக்கவில்லை, ஆனாலும் பயம்”

கேள்வி: எனக்கு 32 வயது. ஆறு வயதில் மகள் இருக்கிறாள். கணவர் அடித்ததில்லை. ஆனால் இரவில் ‘வேண்டாம்’ என்றால் மறுநாளிலிருந்து பேச மாட்டார், செலவுக்குப் பணம் தர மாட்டார், மகளிடம் எரிந்து விழுவார். அதற்குப் பயந்தே ஒத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் உறவின்போது தாங்க முடியாத வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். ‘அனுசரிச்சுப் போ’ என்கிறார் அம்மா. குறை என்னிடம்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லைம்மா, உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையும் சினைப்பையும் தெரியும். பயத்தில் இறுகும் தசை அதில் தெரியாது. விருப்பமில்லாதபோது பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளலாம், ஈரப்பசையும் போதுமான அளவு சுரக்காமல் போகலாம். அதனால் வலிக்கும். அடுத்த முறை அந்த வலியை நினைத்தே உடம்பு இன்னும் இறுகும். என்னிடம் வரும் பெண்கள் வயிற்று வலி, தூக்கமின்மை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கணவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான், ‘சாயங்காலம் ஆனாலே படபடன்னு வருது டாக்டர்’ என்பார்கள்.

இதற்கு இடுப்புத்தள தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி இருக்கிறது. ஆனால் ஒன்று, கணவருக்காக வலியைத் தாங்கிக்கொள்ள அந்தச் சிகிச்சைக்குப் போகாதீர்கள். வற்புறுத்தல் நிற்காமல் ஜெல்லும் மாத்திரையும் மட்டும் தந்து அனுப்புவதை நான் வைத்தியமாகவே நினைப்பதில்லை.

பயந்து சொல்லும் ‘சரி’ சம்மதம் ஆகாது. கணவர் பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கட்டாயப்படுத்தினால், நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அதை இன்னமும் பாலியல் வல்லுறவுக் குற்றமாகச் சேர்க்கவில்லை. எனக்கு அதில் ஆறாத கோபம் உண்டு. ஆனால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வருகிறது, செலவுக்குப் பணம் தர மறுப்பதும் வருகிறது. கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவரின் வல்லுறவும் வல்லுறவுதான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணவரிடம் பேச முடியும் என்று தோன்றினால் பகலில், மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பேசுங்கள். பேசவே பயமாக இருந்தால் இருவரும் சேர்ந்து கவுன்சலிங் போக வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தால், குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவும் உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை எப்படிப் பார்ப்பது என்று சொல்வார்கள். உங்கள் போனைக் கணவர் எடுத்துப் பார்ப்பவர் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.