ஆதார் இணைத்தும் பணம் வரவில்லையே?

கேள்வி: என் மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள், இப்போது பி.எஸ்சி. முதலாண்டு. புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகிறது. கூடப் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, இவளுக்கு மட்டும் இல்லை. கல்லூரியில் கேட்டால் பேங்கில் கேளுங்கள் என்கிறார்கள். பேங்கில் கேட்டால் ஆதார் இணைத்தாகிவிட்டது, காலேஜில் கேளுங்கள் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: அனேகமாக ரெண்டு பேர் சொல்வதும் சரிதான், அதுதான் சிக்கலே. பேங்கில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக் கணக்கோடு சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை, பேங்குகளுக்கு நடுவே பணப் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பில் பதிவு செய்வது இன்னொன்று, இதைத்தான் 'சீடிங்' என்பார்கள். முதலாவது முடிந்தாலே கவுன்டரில் 'லிங்க் ஆகிவிட்டது' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் 'டிபிடிக்கு சீடிங் ஆகியிருக்கிறதா' என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது). அதற்கு முன்னால் மை ஆதார் இணையதளத்தில் மகளின் ஆதார் எண், ஓடிபி போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள், எந்த பேங்க், ஆக்டிவா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு ஆதாருக்கு ஒரு கணக்கில்தான் சீடிங் இருக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆறு மாதம் உதவித்தொகை வரவில்லை என்று அலைந்தான், கடைசியில் பார்த்தால், எப்போதோ ஒரு கடை வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் விரல் ரேகை வைத்துத் திறந்த கணக்கில் பணம் மாதாமாதம் பத்திரமாக விழுந்துகொண்டிருக்கிறது, அவனுக்கு அந்தக் கணக்கு இருப்பதே மறந்துவிட்டது! பள்ளியில் திறந்த பழைய கணக்கும் ஆபத்துதான், ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் முடங்கிவிடும்.

அடுத்தது நம் ஊர் இனிஷியல். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால், அது ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? மார்க்‌ஷீட்டைத் தொடாதீர்கள், அதில் திருத்தம் வாங்குவதற்குள் படிப்பே முடிந்துவிடும். மார்க்‌ஷீட்டில் இருக்கிறபடி ஆதாரை மாற்றுங்கள், அப்புறம் பாஸ்புக்கை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு ரெண்டு முறைதான் திருத்த முடியும், அதனால் சென்டரில் ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. சீட் வாங்கிவிட்டோம். எங்கள் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. கட்டணச் சலுகை உண்டா?

பதில்: இல்லை. அது கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். 'சான்றிதழ் கொண்டு வாருங்கள், பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள்.

கேள்வி: வருமானச் சான்றிதழில் 72,000 ரூபாய் என்று போட்டுத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். எங்கள் உண்மையான வருமானம் வருஷத்துக்கு 2 லட்சத்துக்கும் கொஞ்சம் மேல். கல்விக்கடனும் வாங்கவேண்டியிருக்கிறது.

பதில்: எதற்காகக் குறைக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம், கல்விக்கடன் வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம். ரெண்டிலுமே நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். பொய்த் தாளை வைத்துக்கொண்டு, பேங்கில் சம்பளச் சீட்டையும் நீட்டினால் மேனேஜர் எதை நம்புவார்? தரகரை விடுங்கள், இ-சேவை மையத்தில் உண்மையான தொகையைச் சொல்லி நீங்களே விண்ணப்பியுங்கள். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டவேண்டும், அதனால் அட்மிஷன் வாரத்தில் போய் நிற்காமல் ரிசல்ட் வரும் முன்பே போட்டுவிடுங்கள்.

கடன் கிடைத்ததும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வட்டி மானியம் தானாக வராது, வருமானச் சான்றிதழைக் கொடுத்துக் கேட்கவேண்டும். அது தொழிற்கல்விக்குத்தான், கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரமும் இருக்கவேண்டும், அதனால் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் அந்த அங்கீகாரம் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.