கல்யாணப் படங்கள் இருக்கும் டிஸ்கை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் லினக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நிறுவப் போகிறேன். கணினியில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பல ஆண்டுக் கல்யாணப் படங்கள் உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கில் இருப்பது விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ். நிறுவும்போது கோப்பு முறைமைக்கு, அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? மழைக்காலத்தில் இங்கே அடிக்கடி மின்சாரம் போகும்.

பதில்: தேர்வுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸைக் கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள். இல்லையென்றால் அது அரைத் தூக்கத்தில் நிற்கும். பிறகு லினக்ஸ் அந்த ஹார்ட் டிஸ்கில் எழுத மறுக்கலாம். கணினி அணைந்ததும் மின் இணைப்பைத் துண்டித்து, 1 டிபி டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்பு முறைமையைப் புதிதாக உருவாக்குவது, அதாவது ஃபார்மட் செய்வது என்றால், எந்தப் படம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அழித்து வெற்றுப் பட்டியல் எழுதுவது. சில நொடி வேலைதான். திரையில் டிஸ்குகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களைப் பார்த்துக் குழம்பி நானே ஒருமுறை தவறான டிஸ்கை ஃபார்மட் செய்திருக்கிறேன். அன்று போன படங்கள் திரும்பவே இல்லை.

இப்போது எஸ்எஸ்டி. தயங்காமல் எக்ஸ்ட்4 எடுத்துக்கொள்ளுங்கள். 2008 முதல் லினக்ஸில் நிலையாக இருந்துவருவது. பழுது பார்க்கும் கருவிகள் எல்லா இடத்திலும் கிடைக்கும். எஸ்எஸ்டியைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரியுங்கள்: கணினி தொடங்குவதற்கு 512 எம்பி அளவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன், இயங்குதளத்துக்கு 60 ஜிபி, மிச்சம் முழுவதும் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’. பின்னாளில் இயங்குதளத்தை மறுபடி நிறுவ நேர்ந்தால், ஹோமைத் தொடாமல் அந்த 60 ஜிபியை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும்.

தானே புயலைக் கண்ட ஊரில் மின்வெட்டைப் பற்றிக் கேட்பது மிகவும் நியாயம். எக்ஸ்ட்4-இல் ஜர்னல் என்ற ஏற்பாடு இருக்கிறது. கடைக்கணக்கில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்றுகிறோம் அல்லவா, அதே முறைதான். பாதியில் மின்சாரம் போனாலும் அடுத்த முறை குறிப்பேட்டைப் பார்த்துப் பட்டியலைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வழக்கமான அமைப்பில் குறிப்பேட்டில் ஏறுவது பட்டியலின் விவரம் மட்டுமே, படத்தின் உள்ளடக்கம் அல்ல. நகலெடுத்த படம் அரை நிமிடம் வரைகூட நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் போனதுதான். ஆகவே யுபிஎஸ் அவசியம். டிஸ்கில் ஏறிய படங்களைத் திறந்து பார்க்கும்வரை கேமரா மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ் பெரிய சர்வர்களுக்கு அருமையானது. பார்ட்டிஷனைப் பெருக்கலாம், குறைக்க நடைமுறையில் வழியில்லை. உங்களுக்கு வேண்டாம்.

பிடிஆர்எஃப்எஸ் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் 2020 முதல் மேசைக் கணினிகளுக்கு அதையே இயல்பாகத் தருகிறது. ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், ஐந்தாண்டுக்கு முந்தைய படம் ஒன்று டிஸ்கில் கெட்டுப்போயிருந்தால் எது என்று கண்டுபிடித்துச் சொல்லும். கெட்டதைச் சரிசெய்ய இன்னொரு பிரதி வேண்டும். அதனால் என் யோசனை இது: நிறுவல் முடிந்ததும் பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டுங்கள், லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும். புதிதாக 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி அதை பிடிஆர்எஃப்எஸ் ஆக்கிப் படங்களை நகலெடுங்கள். பழையதை ஃபார்மட் செய்யாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.

நகலெடுக்கும்போது சில கோப்புறைகள் ‘பெயர் நீளம்’ என்று மறுக்கப்படலாம். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே வரும் சிக்கல் இது. என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸ் கோப்பு முறைமைகளிலோ 255 பைட்டுதான் எல்லை, தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் செலவாகும். ‘திருமணம்’ ஐந்தெழுத்துத்தான், ஆனால் இகர, உகரக் குறிகளும் புள்ளியும் தனிக் குறிகள் என்பதால் 24 பைட். ஆக, ஐம்பது எழுத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடுக்காமல், ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதம், அதற்குள் மணமக்கள் பெயர் என்று இப்போதே மாற்றிவிட்டு நகலெடுக்கத் தொடங்குங்கள்.