பதவி இல்லாமலே ஆரம்பிக்கலாம்

"மூணாவது வருஷம் படிக்கிறேன், மாணவர் சங்கத் தேர்தல்ல தோத்துட்டேன், எங்க ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் ஆகுற நோயாளிங்க மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு புரியாமலே போறாங்க, இதைப் பேச நான் யாரு"ன்னு கேட்டிருக்கீங்க. நீங்கதாங்க பேசணும், அவங்க பக்கத்துல உக்காந்து கேட்க நேரம் இருக்குறது உங்களுக்குத்தான்.

முதல்ல வார்டு சிஸ்டர்கிட்ட பேசுங்க, எங்க சிக்கல்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும், நேரா மேலிடத்துக்குப் புகாரா கொண்டுபோனா யாரும் காது குடுக்க மாட்டாங்க. அப்புறம் துறைத் தலைவர் அனுமதியோட, கிளம்புறவங்ககிட்ட "இதை வீட்ல எப்படிச் சாப்பிடுவீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க, டீச் பேக்னு சொல்றது இதைத்தான், வெறுமனே "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. எது புரியலைன்னு பேர் போடாம குறிச்சு வைங்க. அதை வச்சு ஒரே ஒரு மாற்றம் கேளுங்க, காலை மதியம் ராத்திரின்னு படம் போட்ட சீட்டு மாதிரி.

2001-ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக மாணவர்கள், தங்க பல்கலைக்கழகம் காப்புரிமை வச்சிருந்த ஸ்டாவுடின்ங்கிற எச்ஐவி மருந்து தென்னாப்பிரிக்காவுல மலிவா கிடைக்கணும்னு அழுத்தம் குடுத்தாங்க, அந்த மருந்தை வித்த கம்பெனி இறங்கி வந்துச்சு. அவங்களும் வெறும் மாணவர்கள்தான்.

கூட ரெண்டு ஜூனியரைச் சேத்துக்கோங்க, நீங்க அடுத்த வார்டுக்கு போஸ்டிங் போனதும் இது நின்னுடக் கூடாது, எனக்கு அதுதான் பெரிய கவலை.